நாகர்கோவில் நகர நடுவில் மூன்றாம் மாடி வீடு: பதினொரு மாத வாடகை, ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று. அடுத்தது அட்வான்ஸ். இந்த ஊரில் இவற்றுக்கும் முந்திக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. மழையில் எந்தச் சுவர் ஓதம் அடிக்கும், அதாவது ஈரம் கசியும்? கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறும்? இவற்றுக்கான பதிலைக் குடியேறும் முன்பே எழுத்தில் வாங்காதவர்கள்தான் காலி செய்யும் நாளில் அட்வான்ஸுக்காக வாசலில் நின்று வாதாடுகிறார்கள்.

கீழே வரும் வீடும் குடும்பமும் ஒரு மாதிரி. நகரின் வெவ்வேறு வீடுகளில் தனித்தனியாக நடப்பவை இங்கே ஒரே வீட்டில் நடப்பதாக வைக்கப்பட்டுள்ளன. தொகைகளும் அளவுகளும் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. சட்டமும் நடைமுறையும் உள்ளபடியே.

வீடும் ஆட்களும்

வேப்பமூட்டுக்கும் செட்டிகுளத்துக்கும் இடையே ஒரு கட்டடம். தரைத்தளத்தில் கடைகள்: மருந்துக் கடை, பேக்கரி, துணிக்கடை. மேலே மூன்று மாடிகள், மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் 12. ஆறு பேர் ஏறும் லிஃப்ட் ஒன்று. கட்டி 18 ஆண்டாகிறது. காலியாக இருந்தது மூன்றாம் மாடியில் தென்மேற்கு மூலை வீடு; 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை. உரிமையாளர் மஸ்கட்டில். நாகர்கோவிலில் இருக்கும் அவருடைய தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். குமரி மாவட்டத்தில் இது மிகச் சாதாரணமான ஏற்பாடு; இதிலிருந்தே பாதிச் சிக்கல் கிளம்புகிறது.

வாடகைக்கு வருபவர் மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் வங்கி ஊழியர். மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், 68 வயதுத் தாயார். புரோக்கர் சொன்ன கணக்கு: வாடகை 15,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், பராமரிப்பு மாதம் 1,500, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கூடவே இன்னொரு வழியும் சொல்லப்பட்டது: “வேணும்னா ஒத்திக்கும் தருவாங்க சார். ஆறு லட்சம், ரெண்டு வருஷம். வாடகை கிடையாது.”

ஒத்தியை ஏன் விட்டார்கள்

ஒத்திக் கணக்கு பார்வைக்கு இனிப்பானது. ஆறு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 42,000, மாதத்துக்கு 3,500. அதாவது 15,000 ரூபாய் வீடு 3,500 ரூபாய்க்குக் கிடைப்பதுபோல் தோன்றும். இவ்வளவு மலிவாக ஒருவர் ஏன் தருகிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கு மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது. அவசரத்தில் இருப்பவர் இரண்டாண்டு கழித்து ஆறு லட்சத்தை ஒரே நாளில் எடுத்துத் தருவாரா என்பதே ஒத்தியின் முழு ஆபத்தும்.

சட்டப்படி ஒத்தி என்பது அனுபவத்தோடு கூடிய அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்த ஆவணத்தால்தான் ஆக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டம். ஊரிலோ முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு லட்சங்கள் கைமாறுகின்றன. பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கக் கட்டணமில்லை; சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். இந்த வீட்டுக்குப் பார்த்தபோது ஒரு வங்கியிடம் மூலப்பத்திரம் வைத்துக் கடன் வாங்கிய பதிவு இருந்தது, தீர்ந்ததற்கான பதிவு இல்லை. கடன் தவணை நின்றால் வங்கி வீட்டை எடுக்கும். முதலில் வந்த அடமானம் அதனுடையது. ஒத்திக்காரர் பின்னால் நிற்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் இழக்கக்கூடியது அட்வான்ஸ் அளவுதான். ஆகவே வாடகையே என்று முடிவானது. வில்லங்கத்தில் வங்கிக் கடன் நிற்கும் வீட்டை ஒத்திக்கு எடுக்கக் கூடாது. தவணை ஒழுங்காகப் போகிறது என்ற வாய்ச்சொல்லை நம்பி எடுக்கவே கூடாது.

வீடு பார்த்தது

இரண்டு முறை பார்க்க வேண்டும், ஒன்று வெயிலில், ஒன்று இரவு எட்டு மணிக்கு மேல். இரவில்தான் கீழே பேக்கரி அடுப்பின் சூடும் புகைபோக்கியின் திசையும் தெரியும், கடைகளின் ஜெனரேட்டர் எந்த அறைக்கு நேர் கீழே நிற்கிறது என்பதும் தெரியும். மேல்மாடியின் கூரைத் தளம் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கீழே இறக்கும். மார்ச் மாதத்தில் மின்விசிறிக் காற்று எப்படி இருக்கிறது என்று நின்று பார்த்தாலே ஏப்ரல் புரிந்துவிடும்.

பழையாற்றை ஒட்டிய ஒழுகினசேரிப் பக்கம் பார்ப்பவர்கள் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று எதிர்வீட்டில் கேட்க வேண்டும். வீட்டுக்காரரிடம் அல்ல. இந்த வீடு மேட்டில் இருந்ததால் அந்தக் கேள்வி எழவில்லை.

எழுந்த கேள்வி மேற்குச் சுவர். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட். மேற்குப் படுக்கையறையின் வெளிச்சுவரில் உட்பக்கம் மட்டும் புதிது. நிறம் ஒரு மாற்றுக் குறைவாக, பளிச்சென்று. ஒரு வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் யாரும் அழகுக்காகப் பெயிண்ட் அடிப்பதில்லை.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. தமிழ்நாட்டின் பிற சமவெளி ஊர்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை பலமாக நனையும் சுவர் இங்கே இரண்டு முறை நனைகிறது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும் மழை மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் நேராக அறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நின்று பெய்யும் மழை மொட்டைமாடியைச் சோதிக்கும். மதுரையில் பத்து ஆண்டு குடியிருந்தவருக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

ஓதம் இருக்கும் இடத்தைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். தரைத்தள வீட்டில் கீழிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அதற்குச் சுலபமான மருந்து இல்லை, வேறு வீடு பார்ப்பதே நல்லது. கூரையில் வட்டம் வட்டமாக மஞ்சள் கறை என்றால் மொட்டைமாடித் தளம். ஜன்னலைச் சுற்றி, அதன் மேல் மூலைகளிலிருந்து கீழிறங்கும் கறை என்றால் சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் கோடையிலும் காயாத கறை என்றால் குழாய்க் கசிவு, அல்லது குளியலறைத் தரைக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது. மூன்றாம் மாடியில் சுவரின் அடிப்பகுதி ஈரமாக இருந்தால் அதற்கு மண் காரணமாக இருக்க முடியாது. குழாயைத்தான் தேட வேண்டும்.

சந்தேகமான சுவரை விரல் கணுவால் தட்டினால், காரை விட்டுப்போன இடத்தில் பொத்தென்று ஒலிக்கும். சுவரலமாரியைத் திறந்து முகர்ந்தால் பூஞ்சை மணம் மறைக்க முடியாதது. இன்னும் உறுதி வேண்டுமானால், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் உட்புறம் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளே இருக்கிறது. வெளிப்புறம் துளிர்த்தால் அறைக் காற்றின் ஈரம். ஒரு நாள் தாக்கோல் (சாவி) வாங்கிச் செய்யக்கூடிய சோதனை இது. மார்ச்சில் செய்தபோது இந்தச் சுவரில் எதுவும் தெரியவில்லை. கோடையில் தெரியாது. ஆகவே சோதனையில் தப்பிய சுவரை ஒப்பந்தத்தில் பிடித்தார்கள். அது பின்னால் வருகிறது.

தண்ணீர்

நகரக் குடிநீருக்கு நெடுங்கால ஆதாரம் முக்கடல் அணை. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு வரும். அதோடு கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் சேரும். மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுவார்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். 12 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 6,480 லிட்டர். மேல்தொட்டியோ 6,000 லிட்டர், கடைகளும் அதில்தான் எடுக்கின்றன. அதாவது ஒரு நாள் முழுவதும் கரண்ட் இல்லாமல், ஜெனரேட்டரிலும் மோட்டார் இணைக்கப்படாமல் இருந்தால் அன்று மாலையே குழாய் காற்று விடும். 2017இல் ஒக்கி புயலுக்குப் பிறகு மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை என்பதை நினைவில் வைத்தால், மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்பது சின்னக் கேள்வி அல்ல.

தண்ணீரின் தன்மைக்கு ஒரு எளிய சோதனை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பளவு மீட்டரை முதலில் அடுக்களைக் குழாயிலும் அடுத்துக் குளியலறைக் குழாயிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் வந்தால், குடிதண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டு என்று சொன்னது சரியல்ல. கீழ்த்தொட்டியிலேயே இரண்டும் கலக்கின்றன. இந்த வீட்டில் இரண்டிலும் 780. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 780 என்பது குடிக்க முடியாத தண்ணீர் அல்ல, ஆனால் கீசர் கம்பியில் சுண்ணாம்பு படியவும் குழாய் வாய்ச் சல்லடை அடைபடவும் போதுமானது. இந்தச் சுண்ணாம்பு காலி செய்யும் நாளில் பணமாகக் கணக்கில் வரும்.

அடுத்தது வேகம். பத்து லிட்டர் வாளியை நிரப்ப எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். அடுக்களையில் 95 வினாடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு லிட்டருக்குச் சற்று மேல். குளியலறை ஷவரில் 130 வினாடி. காரணம் எளிது: பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மேல்மாடி வீட்டின் ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் நான்கு மீட்டர்தான், ஆகவே 0.4 பார். தரைத்தளத்தில் பீறிடும் குழாய் மூன்றாம் மாடியில் ஒழுகும். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் நிரம்பக் காத்திருந்து பிழை காட்டி நின்றுவிடக்கூடும். வாங்கும் முன் அதன் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது. இவர்களிடம் மேலிருந்து திறக்கும் மெஷின் இருந்ததால் தப்பித்தார்கள்.

மின்சாரம், லிஃப்ட்

கேட்க வேண்டிய முதல் விஷயம், வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டா, அல்லது ஒரே இணைப்பில் சப் மீட்டரா. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் என்றால் அந்த நூறும் பல வீடுகளுக்குப் பங்காகிறது, கூட்டுப் பயன்பாடு மேல் படிகளுக்கு ஏறி யூனிட் விலையும் கூடுகிறது. தனி இணைப்பு என்றால் இணைப்பு எண்ணை வாங்கி நிலுவை இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடும்; மேல்மாடியில் ஏசி வைப்பவர்கள் இந்த எல்லையைக் கண்வைத்துப் பார்க்க வேண்டும்.

பராமரிப்புத் தொகை ஏன் 1,500 என்றால், லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பொது மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிட விலை கூடிய தனி வகையில் வருகிறது. பத்து வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு 2023இல் இந்தக் கட்டணம் குறைக்கப்பட்டது. இந்தக் கட்டடம் 12 வீடும் லிஃப்டும் உள்ளது, சலுகை கிடையாது. லிஃப்ட் இல்லாத எட்டு வீட்டுக் கட்டடத்தில் இதே 1,500 கேட்டால் கணக்குக் கேட்க வேண்டும்.

68 வயது தாயார் இருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் அலங்காரம் அல்ல. தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு உரிமம் வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உரிமம் நடப்பில் உள்ளதா, கரண்ட் போனால் அருகிலுள்ள மாடிக்குத் தானாக வந்து கதவு திறக்கும் பேட்டரி ஏற்பாடு உண்டா என இரண்டையும் கேட்க வேண்டும். முதலாவது இருந்தது. இரண்டாவது இருந்தும் பேட்டரி செத்திருந்தது. ஒப்பந்தத்துக்கு முன் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். கையெழுத்துக்கு முன் கேட்டதால் நடந்தது.

சுவிட்ச் பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விழாவிட்டால் அந்தக் கருவி இருந்தும் இல்லாததே.

உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் வருபவை

முதலில், யாரிடம் ஒப்பந்தம்? தம்பி தன் பெயரில் கையெழுத்திட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதே மங்கிவிடும். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு உரிமையாளர்தான். தம்பி அவருடைய அதிகார முகவர். அந்தப் பவர் பத்திரம் வெளிநாட்டில் எழுதியதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வாடகைக்கு விடவும் வாடகை வாங்கவும் அதில் அதிகாரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்க மட்டும் கொடுத்த பவரைக் காட்டி வாடகைக்கு விடுவது உண்டு. வீடு யார் பெயரில் என்பதற்கு மாநகராட்சிச் சொத்து வரி ரசீதே முதல் சாட்சி.

இரண்டாவது, பெரும்பாலோர் அறியாதது. உரிமையாளர் வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வாடகைதாரர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். மாதம் 50,000 என்ற எல்லை உள்நாட்டு உரிமையாளருக்கு மட்டும். பிடித்தம் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 31.2 சதவீதம். 15,000 ரூபாயில் 4,680 அரசுக்கு, 10,320 உரிமையாளருக்கு. இதற்கு வாடகைதாரர் வரி பிடிப்பவருக்கான தனி எண் (TAN) வாங்க வேண்டும், மறு மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாடகைதாரர் தலையில் விழும். “தம்பி அக்கவுண்ட்ல போடுங்க, ஒண்ணும் வராது” என்ற யோசனை இதை மாற்றாது. தம்பி வாங்குவது அண்ணனுக்காகத்தான். வங்கி ஊழியர் வீட்டு வாடகைப் படிக்குக் கணக்குக் காட்டுபவர். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் உரிமையாளரின் பான் எண்ணை எப்படியும் கொடுத்தாக வேண்டும், மறைக்க வழியில்லை.

உரிமையாளருக்கு இதில் நஷ்டமில்லை. வருமானக் கணக்குத் தாக்கல் செய்து கூடுதல் பிடித்தத்தைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தச் சான்றும் வாங்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: வரி பிடித்த பிறகான தொகை உரிமையாளரின் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு), மாதம் 5ஆம் தேதிக்குள். அட்வான்ஸும் அதே கணக்கில்தான். திருப்பித் தரவேண்டிய பணம் என்பதால் அதில் பிடித்தம் இல்லை.

ஒப்பந்தம்

2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு முடிந்தது. வாடகை எவ்வளவு காலத்துக்கு என்றாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் துணை ஆட்சியர் நிலை அலுவலரே வாடகை அதிகாரி. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் இருவரின் பான், ஆதார் விவரத்தோடு ஒப்பந்தத்தை ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். பதினொரு மாதம் என்று போட்டால் எந்தப் பதிவும் வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குத்தான் பொருந்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அது கட்டாயம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதைச் செய்யாத ஒப்பந்தத்தை வழக்கில் சாட்சியமாகக் காட்ட முடியாது.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் சொல்வது நுட்பமானது. வேறுவிதமான உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்பது சட்டவிரோதம். அந்த முதல் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: ஒரு லட்சத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர் பிறகு சட்டத்தைக் காட்ட முடியாது. பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். ஆனியில் காலியான வீட்டை ஆடி முழுவதும் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர் இறங்கி வருவார். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை, இந்த வழக்கம் இல்லாத குடும்பங்களுக்கு அதுவே பேரம் பேச நல்ல காலம். இங்கே மாதம் பங்குனி, வீடு இரண்டு மாதமாகக் காலி. 45,000 என்று முடிந்தது.

பழுதுகளைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், பைப் மாற்றம், மின் வயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. தண்ணீர் திறக்கும் குழாய், அதன் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, கழிப்பறைப் பழுது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் ஆகியவை வாடகைதாரருக்கு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் எழுதியதே செல்லும். பத்திரம் எழுதும் இடங்களில் இருக்கும் மாதிரிப் படிவத்தில் “காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்” என்றொரு வரி வழக்கமாகவே இருக்கும். இந்த ஒற்றை வரி, சட்டம் உரிமையாளர் மேல் வைத்த செலவை வாடகைதாரர் மேல் மாற்றிவிடுகிறது. இந்த ஒப்பந்தத்தில் அதை அடித்து, இரு தரப்பும் அடித்தலின் அருகே கையெழுத்திட்டார்கள்.

சேர்த்த வரிகளில் முக்கியமானது: “மேற்குப் படுக்கையறை வெளிச்சுவரில் மழைநீர்க் கசிவு ஏற்பட்டால், எழுத்தில் தெரிவித்த 15 நாளுக்குள் உரிமையாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும், அதனால் உட்சுவருக்கு ஏற்படும் சேதம் வாடகைதாரர் பொறுப்பல்ல.” தம்பி முதலில் தயங்கினார். புதுப் பெயிண்டுக்குக் காரணம் கசிவு இல்லை என்றால் இந்த வரியால் உங்களுக்குச் செலவே வராதே என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். பராமரிப்புத் தொகையில் லாரித் தண்ணீரும் கழிவுநீர்த் தொட்டி சுத்தமும் அடக்கமா என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மே மாதத்தில் தனியாகக் கேட்பார்கள்.

ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுத்தால் போதும்; எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நகலின் மேலேயே எழுதி, தேதி போட வேண்டும்.

குடியேறியது

சாமான் வருவதற்கு முந்தின நாள், காலி வீட்டில் வாடகைதாரரும் தம்பியும் சேர்ந்து ஒரு பதிவு எடுத்தார்கள். அறைக்கு அறை நான்கு சுவர், கூரை, தரை. ஒவ்வொரு குழாயும் திறந்த நிலையில். கீசரின் பெயர்ப்பட்டையும் அதில் உள்ள உற்பத்தி ஆண்டும். மின் மீட்டரின் எண். ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகள் 14, கீறல் விழுந்த தரை ஓடு 2, மின்விசிறி 5, தாக்கோல் மூன்று ஜோடி. இரண்டு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, படங்களை அன்றே இருவர் கைபேசிக்கும் அனுப்பினார்கள். முக்கால் மணி நேர வேலை. இந்த முழு நிகழ்விலும் இதைவிட லாபமான முக்கால் மணி நேரம் வேறில்லை.

ஆறு பேர் லிஃப்டின் சுமை 408 கிலோ. பீரோவும் ஃபிரிட்ஜும் எடையில் அடங்கும், உயரத்தில் அடங்காமல் போகலாம். லிஃப்ட் கதவின் அகல உயரத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முன்கூட்டியே டேப் வைத்து அளந்துகொள்ள வேண்டும். நாகராஜா கோயில் தைத் தேரோட்டத்தன்றும், ஆவணி ஞாயிறுகளிலும், கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாட்களிலும் லாரி வைத்துச் சாமான் இறக்கத் திட்டமிடக் கூடாது.

ஜூனில் நடந்தது

ஜூன் இரண்டாம் வாரம், மூன்று நாள் மழைக்குப் பிறகு, மேற்குச் சுவரில் ஜன்னலின் மேல் மூலையிலிருந்து ஓதம் இறங்கியது. இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அருகில் தேதி எழுதி, அளவு டேப்பையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். மறுநாள் கறை கோட்டைத் தாண்டியிருந்தது. இரண்டாவது கோடு, இரண்டாவது தேதி. பிறகு தம்பிக்குச் செய்தி:

“அண்ணே, மேற்கு ரூம் சுவர்ல 11ஆம் தேதியிலிருந்து ஓதம் இறங்குது. படம் அனுப்பியிருக்கேன். ஒப்பந்தத்துல 9ஆவது பத்தி பாருங்க. மழை விட்டதும் ஆள் அனுப்புங்க, நாங்க வீட்டுல இருப்போம்.”

“சரி சார். ஆனா வெளிச்சுவர் அசோசியேசன் வேலையாக்கும். அவங்கட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். வெளிச்சுவரும் மொட்டைமாடியும் எல்லா வீட்டுக்கும் பொது, அது உண்மை. ஆனால் அசோசியேசன் என்ற அந்தக் குடியிருப்புச் சங்கத்தில் உறுப்பினர் உரிமையாளர்தான். வாடகைதாரர் சங்கத்திடம் போனால், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்பார்கள், வாரங்கள் ஓடும். ஒப்பந்தம் உரிமையாளரோடு, கடிதமும் அவருக்கே. சங்கத்திடம் பங்கு வாங்குவது அவர் வேலை. இதையே மரியாதையாக எழுதி, மஸ்கட்டில் உள்ள அண்ணனுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். பத்தாம் நாள் ஆள் வந்தார்.

காரணங்கள் இரண்டு. மொட்டைமாடியின் தென்மேற்கு மழைநீர்க் குழாய் வாயில் சருகும் பிளாஸ்டிக் உறையும் அடைத்து, தண்ணீர் கைப்பிடிச் சுவரோரம் நான்கு விரல் உயரத்துக்கு நின்றது. இரண்டாவது, சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் நீளவாட்டில் விரிசல். அடைப்பை எடுக்கப் பத்து நிமிடம். கசிவின் வேகம் அன்றே பாதியானது. விரிசலுக்கு அவசரப்படக் கூடாது. ஈரத்தின் மேல் பூசினால் எதுவும் பிடிக்காது. மழை விட்ட ஒரு வாரத்தில் விரிசலை ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆழமுமாக வெட்டி விரித்து, தூசி தட்டிக் கழுவிக் காயவிட்டு, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, அது இறுகிய பிறகு நீர்புகாப் பூச்சு இரண்டு கை கொடுத்தார்கள். அந்தப் புதுப் பெயிண்ட் ஏன் தோற்றது என்பதும் அப்போது தெரிந்தது: போன ஆண்டு உட்புறம் மட்டும் பூசியிருந்தார்கள். வெளியே திறந்திருக்கும் வழியை உள்ளே பெயிண்ட் அடித்து மூட முடியாது.

உட்சுவரைச் செப்டம்பர் வரை தொடவில்லை. நனைந்த செங்கல் சுவர் காய வாரங்கள் ஆகும். இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட ஆகஸ்ட், செப்டம்பர்தான் இந்த ஊரில் அதற்கான காலம். அதுவரை கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட்டு, அலமாரிக் கதவைப் பகலில் திறந்து வைத்தார்கள். அக்டோபர் மழையில் கறை திரும்பவில்லை.

காலி செய்தது

மறுபடியும் மாற்றல். இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, பிப்ரவரி கடைசியில் காலி செய்தார்கள். தம்பி சொன்ன கழிப்பு: பெயிண்டுக்கு 15,000, புதுக் கீசருக்கு 7,500, குழாய்கள் 900, மின்கட்டணம் பாக்கி.

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வெள்ளையடிப்பு வரி ஒப்பந்தத்தில் அடிக்கப்பட்டது; அட்டவணைப்படி உரிமையாளர் செலவு. மேற்குச் சுவருக்குத் தனி வரியும் இருக்கிறது. பெயிண்ட் கழிப்பு முழுவதும் போனது. கீசர் பழுது வாடகைதாரருடையது, அதை மறுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் கம்பி போயிருந்தது, கம்பி மாற்ற 1,450. ஆனால் தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் புதிது வேண்டும் என்றார் தம்பி. பெயர்ப்பட்டைப் படத்தில் கீசருக்கு ஒன்பது வயது. பழுது பார்ப்பது வேறு, ஆயுள் முடிந்ததற்குப் பதில் புதிது வாங்கிக் கொடுப்பது வேறு. கம்பிக்கான 1,450 மட்டும் ஒப்புக்கொண்டார்கள். குழாய்கள் 900 நியாயம். மின் மீட்டரின் அன்றைய எண்ணிலிருந்து கடைசி பில்லின் எண்ணைக் கழித்துக் கணக்கிட்டது 610. ஆணித் துளை 17. மூன்று கூடுதல், அவற்றை வெள்ளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள்.

மொத்தக் கழிப்பு 2,960. திரும்ப வர வேண்டியது 42,040. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். உரிமையாளரின் கணக்கிலிருந்து 19ஆம் நாள் வந்தது. மூன்று ஜோடி தாக்கோலையும் எண்ணிக் கொடுத்து, குடியேறிய நாளில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் “பெற்றுக்கொண்டேன்” என்று தம்பியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.